ரூட்டரின் அமைப்புப் பக்கம் திறவாதபோது



ஆலையில் இட்ட கடவுச்சொல்லை ரூட்டரில் அப்படியே விடுதல், பூட்டிய வீட்டின் சாவியை வாயிற்படியிலேயே வைப்பதை ஒக்கும். அதனை மாற்ற முனைகையில் அமைப்புப் பக்கம் திறவாதிருப்பின் நாம் சோர்வடைய வேண்டியதில்லை. அப்பக்கம் பெரும்பாலும் ரூட்டருக்குள்ளேயே உள்ளது. அதைக் காண இணையத் தொடர்பு தேவையில்லை.

முதலாவதாக, கணினி அந்த ரூட்டருடனேயே இணைந்துள்ளதா எனக் காண்போம். கைப்பேசியாயின் மொபைல் டேட்டாவை நிறுத்துவோம். அடுத்து, ரூட்டரின் அடியில் ஒட்டிய சீட்டிலுள்ள முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பதை, தேடுகட்டத்தில் அன்றி முகவரிக் கட்டத்தில் இடுவோம். சீட்டு அழிந்திருப்பின், வைஃபை விவரங்களில் 'கேட்வே' எனக் காணும் எண்ணே அம்முகவரியாம்.

ரீசெட் பொத்தானை இறுதி வழியாகவே கொள்வோமாக. அது இணைப்பு விவரங்களையும் அழித்துவிடக்கூடும். பக்கம் திறந்ததும் நமது முதற்பணி கடவுச்சொல்லை மாற்றுவதே.