கம்ப்யூட்டருக்கு ஒரு புதன்கிழமை

(அனுப்பம்பட்டில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் கணினிப் பொறுப்புக் குழுவினர் பேசியது)

அன்பான ஊக்குநர்களே, பிரதிநிதிகளே, பழவேற்காட்டுக் கரையிலிருந்து விடியும் முன்பே பஸ் ஏறி, பொன்னேரி வந்து, அங்கிருந்து ஒரு ஸ்டேஷன் ரயிலில் வந்திருக்கும் அக்கா தங்கைகளே,

முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் மற்ற பேச்சு. போன முறை கடன் வழங்கும் நாளில் நாற்பது பேருக்கு மேல் ஆபீஸ் வாசலில் காத்திருந்தீர்கள். பதினொரு மணிக்கு, இருக்கிற 5 கம்ப்யூட்டரில் 4 தானாகவே அணைந்து, திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. "அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்" என்று எழுதி வந்தது. சாயங்காலம் 4 மணி வரைக்கும் சுற்றியது. அன்றைக்கு இறால் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருந்த அக்கா ஒருவர், "எங்க ஊட்டுக்காரரு வலையில சிக்கு எடுக்க ஒரு மணி நேரம். உங்க பொட்டிக்கு ஒரு நாளாம்மா?" என்று கேட்டார். எங்களுக்குப் பதில் வரவில்லை. அன்றைய வருமானம் போய், பஸ் காசும் போய், கடனும் வாங்காமல் திரும்பினார்.

தப்பு எங்களுடையதுதான். ஆறேழு மாதமாக "அப்டேட் வந்திருக்கிறது, இப்போது செய்யலாமா?" என்று திரையில் கேட்கும்போதெல்லாம், "பிறகு" என்பதையே அழுத்திக்கொண்டு வந்தோம். வேலை இருந்தது, தள்ளிப்போட்டோம். ஒரு கட்டத்துக்கு மேல் அது நம்மைக் கேட்பதில்லை. தானே செய்துகொள்ளும். நான்கும் ஒரே நேரத்தில், ஒரே இன்டர்நெட் லைனில், ஆறேழு மாத பாக்கியை இறக்க ஆரம்பித்தால் எப்படி முடியும்?

அன்றைக்கே ஒரு தங்கச்சி, "இந்த அப்டேட்டே வேணாம்னு நிறுத்திடுங்களேன். இது இல்லாமயே நல்லாத்தானே ஓடிச்சு?" என்றார். நியாயமான கேள்வி. இன்றைக்குப் பேச வந்ததே அதற்குப் பதில் சொல்லத்தான்.

வலை பின்னி முடித்ததோடு வேலை முடிந்துவிடுகிறதா? நண்டு கடித்த இடம், கல்லில் உரசிய இடம் என்று பொத்தல் விழுந்துகொண்டேதான் இருக்கும். பார்த்துப் பார்த்துக் கட்டுகிறோம். கம்ப்யூட்டரை ஓட்டுகிற விண்டோஸும் மனிதர்கள் எழுதியதுதான். அதிலும் ஓட்டைகள் உண்டு. சில ஓட்டைகள் வெளியே வந்து பல வருஷம் கழித்துத்தான் கண்ணில் படும். படும்போது அதை அடைக்க ஒரு ஒட்டுத் துணி அனுப்புகிறார்கள். அதுதான் அப்டேட்.

இதில் ஒரு விஷயம் எங்களுக்கே பிந்தித்தான் புரிந்தது. ஒட்டுத் துணி வெளியான அன்றைக்கே, ஓட்டை எந்த இடத்தில் இருக்கிறது என்று திருடனுக்கும் தெரிந்துபோகிறது. அதுவரை அவன் இருட்டில் தடவிக்கொண்டிருந்திருப்பான். இனி நேராக அங்கேயே போவான். யார் இன்னும் ஒட்டுப் போடவில்லையோ அவர்கள் வீடுதான் அவனுக்கு வசதி. அதனால் "நல்லாத்தானே ஓடிச்சு" என்பது பழைய கணக்கு.

நடந்ததைச் சொல்கிறோம். 2017 மார்ச் 14-ஆம் தேதி, விண்டோஸில் இருந்த ஒரு பெரிய ஓட்டையை அடைக்க மைக்ரோசாப்ட் அப்டேட் வெளியிட்டது. செய்தவர்கள் செய்தார்கள், மற்றவர்கள் நம்மைப் போல "பிறகு" என்று அழுத்தினார்கள். இரண்டு மாதம் முடிவதற்குள், மே 12-ஆம் தேதி, 'வான்னாகிரை' என்ற வைரஸ் அந்த ஓட்டை வழியாக உள்ளே வந்தது. யாரும் எதையும் திறக்கக்கூட வேண்டியதில்லை. ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டரில் புகுந்தால், ஒரே லைனில் இருக்கிற மற்றவற்றுக்கும் தானே தாவும். உள்ளே இருக்கிற கணக்கு, கடிதம், போட்டோ எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, "300 டாலர் கொடு, மூன்று நாள் தாண்டினால் 600" என்று திரையில் எழுதிக் காட்டியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் மாட்டின. இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன்கள் தள்ளிப்போயின.

அது எங்கேயோ சீமையில் என்று நினைக்காதீர்கள். பக்கத்துக் கேரளாவில், வயநாடு மாவட்டம் தரியோடு ஊராட்சி ஆபீஸும், பத்தனம்திட்டா மாவட்டம் அருவாப்புலம் ஊராட்சி ஆபீஸும் மாட்டின. ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆந்திராவில் போலீஸ் ஸ்டேஷன் கம்ப்யூட்டர்கள் மாட்டின. ஊராட்சி ஆபீஸில் என்ன தங்கமா இருக்கிறது? இந்த வைரஸ் பணக்காரன், ஏழை என்று பார்த்து வருவதில்லை. ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும்.

நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு உறுப்பினரின் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் தவணை, ஆதார் நகல், பாஸ்புக் நம்பர். 2015-ல் நபார்டு வங்கி 'இ-சக்தி' என்று குழுக் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பிறகு வங்கிகளும் கம்ப்யூட்டர் கணக்கைப் பார்த்துத்தான் குழுவைத் தரம் பிரிக்கப் பழகிவிட்டன. இந்தக் கணக்கு பூட்டிக்கொண்டால், யார் எவ்வளவு கட்டினார் என்று சாட்சி சொல்ல நமக்குக் கையெழுத்துப் பேரேடு ஒன்றுதான் மிச்சம். அதனால்தான் பேரேட்டை விட்டுவிடாதீர்கள் என்று கணக்காளர்களை நச்சரிக்கிறோம்.

அப்படியானால் வந்தவுடனே எல்லாவற்றிலும் போட்டுவிடலாமா? அதுவும் கூடாது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம், நம் நேரப்படி காலை 9.39-க்கு ஒரு அப்டேட்டை உலகம் முழுக்க ஒரே சமயத்தில் அனுப்பியது. அதில் கோளாறு. 10.57-க்குத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்த ஒண்ணேகால் மணி நேரத்துக்குள் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றுபோயின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் அணைத்து வைத்திருந்த கம்ப்யூட்டர்கள் தப்பித்தன. காக்க வந்ததே கவிழ்த்துவிட்டது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்ததுதான் அதில் பெரிய தப்பு என்பது எங்கள் அபிப்பிராயம்.

நம்ம ஏரியில் பாடு முறை இருக்கிறதே, அதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. எல்லாரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வலை கட்டினால் சண்டைதான் மிச்சம். அதனால் இன்றைக்கு யாருக்கு எந்தப் பாடு என்று முறை வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்கும் அதுபோல முறை வைத்துவிட்டோம்.

விண்டோஸ் அப்டேட் மாதாமாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும். அமெரிக்காவில் பகலில் வெளியிடுவது, நமக்கு ராத்திரி ஆகிவிடும். ஆகவே மறுநாள் புதன்கிழமை மத்தியானம் 2 மணிக்கு, கடிதம் அடிக்கிற கம்ப்யூட்டர் ஒன்றில் மட்டும் முதலில் போடுவோம். அதில் கணக்கு எதுவும் இல்லை, கெட்டாலும் நஷ்டம் குறைவு. ஒரு வாரம் அதை ஓட்டிப் பார்ப்போம். பிரிண்டர் வேலை செய்கிறதா, தமிழ் எழுத்து சரியாக வருகிறதா, கணக்கு மென்பொருள் திறக்கிறதா என்று பார்ப்போம். சரியாக இருந்தால் அடுத்த புதன் மற்றவற்றுக்கு. கணக்கு இருக்கிற கம்ப்யூட்டர் கடைசி. நடுவில் அவசர அப்டேட் என்று வந்தால் மட்டும் ஒரு வாரம் காத்திருக்க மாட்டோம், ஒரு நாளில் முடிப்போம்.

அப்டேட்டுக்கு முன்னால் எல்லாக் கணக்கையும் வெளியில் இருக்கிற ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, டிஸ்கைக் கழற்றி பீரோவில் வைத்துவிட வேண்டும். சொருகியபடியே விட்டால் வைரஸ் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டும். கழற்ற மறந்து நாங்கள் இரண்டு முறை திட்டு வாங்கியிருக்கிறோம்.

டேட்டா செலவு பற்றிப் பொருளாளர் அக்கா கேட்டார். ஒரு கம்ப்யூட்டர் இறக்கியதையே ஒரே லைனில் இருக்கிற மற்றவை வாங்கிக்கொள்ள விண்டோஸிலேயே வசதி உண்டு. ஐந்து முறை இறக்க வேண்டியதில்லை. ஒரே குடத்துத் தண்ணீரை ஐந்து சொம்பில் ஊற்றுகிற மாதிரி. வேலை நேரம் இதுதான் என்று குறித்து வைத்தால் அந்த நேரத்தில் தானாக அணைந்து எழாது. இதையும் இப்போதுதான் கற்றுக்கொண்டு செய்திருக்கிறோம். முன்னாலேயே செய்திருந்தால் அந்த அக்கா வெறும் கையோடு போயிருக்க மாட்டார்.

எல்லாம் ஒரு நோட்டில் எழுதப்படும். எந்தத் தேதி, எந்தக் கம்ப்யூட்டர், என்ன போட்டோம், யார் போட்டது, கையெழுத்து. தீர்மானப் புத்தகம் மாதிரி யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

உங்கள் செல்போனுக்கும் அப்டேட் உண்டு. அதை போனின் செட்டிங்ஸிலும் பிளே ஸ்டோரிலும்தான் செய்ய வேண்டும். "உங்க பேங்க் ஆப்பை அப்டேட் பண்ணுங்க" என்று வாட்ஸ்அப்பில் வருகிற பைலைத் தொடாதீர்கள். அது திருடன் அனுப்புவது. தொட்டுப் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930-க்குப் போன் போடுங்கள்.

இனிமேல்தான் நீங்கள் முடிவு சொல்ல வேண்டிய விஷயம். நம்மிடம் உள்ளவற்றில் 2 கம்ப்யூட்டர்கள் விண்டோஸ் 10-இல் ஓடுகின்றன. அதற்கு இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. புதிய விண்டோஸ் 11 இந்த இரண்டிலும் ஏறாது, பெட்டி பழசு. காசு கட்டினால் நிறுவனங்களுக்கு மூன்று வருஷம் வரை அப்டேட் தருகிறார்கள். ஆனால் வருஷா வருஷம் கட்டணம் இரட்டிப்பாகும். பழைய பெட்டிக்கு அவ்வளவு கொடுப்பதில் எங்களுக்குச் சம்மதம் இல்லை. இன்னொரு வழி, காசில்லாத லினக்ஸ். சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' என்ற லினக்ஸில் தமிழும் உண்டு. அரசு நிறுவனமான எல்காட்டே 2007 வாக்கில் தன் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றியது. ஆனால் நம் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும்.

அதனால் நாங்கள் கேட்பது இதுதான். கடிதம் அடிப்பதை விண்டோஸ் 11 உள்ள ஒன்றுக்கு மாற்றிவிட்டு, பழைய இரண்டில் ஒன்றில் லினக்ஸ் போட்டு, பிள்ளைகள் கம்ப்யூட்டர் பழகக் கொடுத்துவிடலாம். மற்றொன்றில் இருக்கிற கடன் கணக்கை வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, அதை இன்டர்நெட்டிலிருந்து கழற்றிவிடலாம். வாங்குவதானால் புதிதாக ஒன்று போதும். விலைப்பட்டியல் மூன்று கடையில் கேட்டு அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருகிறோம். உங்கள் சேமிப்புப் பணம், நீங்கள் கை தூக்கினால்தான் வாங்குவோம்.

கடன் வழங்கும் நாள் இனி மாதத்தின் முதல் வாரத்தில் இருக்கும். அப்டேட் புதன்களில் மத்தியானம் 2 மணிக்கு மேல் பாஸ்புக் வரவு பேனாவால் மட்டும் போடப்படும், மறுநாள் ஏற்றிக்கொள்வோம். ஏரிக்கரை ஊர்க் குழுக்கள் அன்றைக்குக் காலையிலேயே வந்துவிடுங்கள். ஒவ்வொரு ஊராட்சிக் கூட்டமைப்பிலிருந்தும் கம்ப்யூட்டர் பழகிய பெண் ஒருவரை அந்த மத்தியானத்துக்கு அனுப்புங்கள், கூட இருந்து கற்றுக்கொள்ளட்டும். பெயர்களை இன்றைக்கே ஊக்குநரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.