பரமபதமும் எல்லைப்புற நீரும்



வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்திருக்க நம் பாட்டிமார் விரித்த பரமபதப் படத்தை அறியாதார் இவ்வவையில் இரார். நல்வினை ஏணி; தீவினை பாம்பு. எழுத்தறியாக் குழந்தைக்கும் வினையின் பயனைக் கட்டங்களில் காட்டிய கல்விப் பலகை அது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்கும் சென்று அங்குள்ள பிள்ளைகளை மகிழ்வித்தது. ஆயினும் அதில் ஒரு குறை உண்டு. ஏறுவதும் இறங்குவதும் சோழியின் செயல். ஆடுவோன் அறிவுக்கு அங்கே வேலையில்லை. (சோழியைத் தம் விருப்பப்படி விழச்செய்யும் பாட்டிமாரின் கைத்திறன் வேறு செய்தி!)

அமெரிக்க அறிஞர் பக்மின்ஸ்டர் புல்லர் 1960களில் ‘உலக விளையாட்டு’ என்றொரு கல்வி ஆட்டத்தை முன்மொழிந்தார். படைத்தலைவர்கள் ஆடும் போர் ஒத்திகைக்கு இது நேர் எதிர். உலகப் படத்தை விரித்து, உணவும் ஆற்றலும் பிற வளங்களும் எங்கெங்கே எவ்வளவு எனக் கணக்கிட்டு, எவரையும் வீழ்த்தாமல் அனைவர்க்கும் போதுமாறு செய்ய வழி காணவேண்டும். அறிவியலே அதன் சோழி; அமைதியே அதன் பரமபதம்.

எல்லையில் வாழும் நமக்கு உலகப் படம் வேண்டுவதில்லை. ஆற்றுப் படம் போதும். 2011ஆம் ஆண்டின் இறுதியில் முல்லைப் பெரியாறு பற்றி அச்சமும் சினமும் மூண்டபோது, இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் மூட்டையோடு தேனிப் பக்கம் இறங்கினவே! வதந்தியினும் நீண்ட பாம்பு ஏது? பாலக்காட்டுப் பக்கம் பாருங்கள். 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் மணக்கடவில் அளந்து கேரளத்துக்கு விடப்படவேண்டும். மழை பொய்த்த ஆண்டுகளில் அங்கும் பூசல் எழாமலில்லை. ஆனால், இருதரப்பாரும் ஒரே அளவுகோலைச் சுட்டி வாதிடுகின்றனர். அந்த அளவுகோல் ஓர் ஏணி.

எனவே, நம் காலனிப் பிள்ளைகள் இவ்விடுமுறையில் ஒரு புதிய பரமபதம் வரையட்டும். மழைமானி ஓர் ஏணி. அணையின் கசிவை அளந்து இரு மாநிலத்தார்க்கும் அறிவித்தல் மற்றோர் ஏணி. முல்லைப் பெரியாற்றில் 142 அடி வரை நீர் தேக்கலாம் என 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே, அந்த எண்ணை ஏணியின் அடியில் எழுதுவதா, பாம்பின் தலையில் எழுதுவதா என்று பிள்ளைகள் வாதிடுவார்கள், வாதிடட்டும். பக்கத்து வீட்டு மலையாளப் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளுங்கள். கட்டந்தோறும் இரு மொழியிலும் எழுதவேண்டும். நம் பிள்ளைகள் தனித்து அதைச் செய்ய இயலாது. அட்டையும் வண்ணமும் சங்கம் தருமாறு செயலாளரை வேண்டி அமர்கின்றேன்.