எங்கிருந்து எண்ணுவது?

மூலநிரலிலிருந்து மென்பொருளை உருவாக்கும் வேலையைக் கணினி தானே செய்து முடிப்பதற்காக எழுதப்படும் கட்டளைத் தொகுப்புதான் பில்டு ஸ்கிரிப்ட். எந்தக் கோப்பை எடுப்பது, எதனோடு இணைப்பது, முடிந்ததை எங்கே வைப்பது என்பதையெல்லாம் அது சொல்லியாக வேண்டும். அதனால் அதன் வரிகளில் கோப்புறைப் பாதைகள் நிறைந்திருக்கும்.

பாதையை இரு வகையில் எழுதலாம். முழுப்பாதை கணினியின் உச்சியிலிருந்து தொடங்குவது. லினக்ஸில் அது சாய்கோட்டிலும், விண்டோஸில் பெரும்பாலும் சி, டி போன்ற டிரைவ் எழுத்திலும் தொடங்கும். சார்புப்பாதை, நிற்கும் இடத்திலிருந்து எண்ணப்படுவது. அதில் ஒரு புள்ளி என்றால் இதே கோப்புறை, இரு புள்ளி என்றால் ஒரு படி மேலே.

முழுப்பாதையின் குறை உடனே தெரிந்துவிடும். கம்பாரில் படிக்கும் மாணவர் தம் பயனர் பெயர் உள்ள கோப்புறையை ஸ்கிரிப்டில் அப்படியே எழுதிவிட்டால், ஈப்போவில் உள்ள நண்பரின் கணினியில் அது ஓடாது. உழைத்து எழுதிய நிரல் ஒரே மடிக்கணினிக்குள் அடைபட்டுப் போவது பெரிய இழப்பு. போதாக்குறைக்கு, மூலநிரலை இயங்கும் கோப்பாக மாற்றும் கம்பைலர் அந்தப் பாதையைப் பிழைதிருத்தத் தகவலோடு சேர்த்து முடிந்த கோப்பிலும் பதித்துவிடுவதுண்டு. ஒரே நிரல் இரு கணினிகளில் வேறுபட்ட கோப்பாக வெளிவருவதற்கு இதுவும் காரணம். இந்தப் பாதைகளை மாற்றி எழுத, 2018இல் வந்த ஜிசிசி கம்பைலரின் 8ஆம் பதிப்பு ஒரு தெரிவைக் கொண்டுவந்தது.

சார்புப்பாதையின் சிக்கல் இன்னும் நுட்பமானது. ‘நிற்கும் இடம்’ என்பது ஸ்கிரிப்ட் இருக்கும் இடம் அல்ல; அதை ஓட்டியவர் அப்போது இருந்த கோப்புறை. அதே ஸ்கிரிப்டை வேறு கோப்புறையிலிருந்து ஓட்டினாலோ, குறித்த நேரத்தில் கணினியே ஓட்டினாலோ எல்லாப் பாதைகளும் இடம் மாறிவிடும்.

எங்கிருந்து எண்ணுவது என்ற கேள்விக்குப் பேராக் மாநிலத்து நில அளவை நல்ல விடை வைத்திருக்கிறது. காசினி-சோல்ட்னர் என்னும் நிலப்பட முறையில் மாநிலத்தின் காணி அளவைகள் லாருட் மலைத்தொடரின் குனோங் ஹிஜாவிலிருந்து எண்ணப்படுகின்றன. ரப்பர் தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியான பின்னும் தொடக்கம் அந்த மலையே. பக்கத்துச் சிலாங்கூருக்கோ தொடக்கம் புக்கிட் ஆசா. ஆகவே எந்த மலையிலிருந்து என்று தெரியாமல் வெறும் எண்களை வைத்து ஓர் எல்லைக்கல்லையும் கண்டுபிடிக்க முடியாது.

ஸ்கிரிப்டிலும் முதல் வேலை தொடக்கப்புள்ளியை நிறுவுவதே. ஸ்கிரிப்ட் முதலில் தன் கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டறிந்து, அதிலிருந்து திட்டத்தின் தலைக்கோப்புறையைக் கணித்து, அதை ஒரு மாறியில் முழுப்பாதையாக வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற பாதைகளெல்லாம் அந்த மாறியிலிருந்து தொடங்கும். பாஷிலும் பைத்தானிலும் இதற்கு ஓரிரு வரி போதும்.

1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய மேக் என்னும் பில்டு கருவியில் ஒரு தனி வழக்கம் உண்டு. ஒரு விதிக்குக் கீழுள்ள ஒவ்வொரு வரியும் பொதுவாகக் கட்டளைகளை இயக்கும் தனி ஷெல்லில் ஓடும். ஒரு வரியில் கோப்புறையை மாற்றினால் அடுத்த வரிக்கு அது தெரியாது. சிமேக் என்னும் இன்னொரு பில்டு கருவியில் வேறொரு பொறி: தலைமூலக் கோப்புறையைக் குறிக்கும் மாறி, திட்டம் இன்னொரு பெரிய திட்டத்துக்குள் உட்கோப்புறையாகச் சேர்ந்ததும் வெளித்திட்டத்தைக் காட்டத் தொடங்கிவிடும். பிறர் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நூலகத்தை எழுதுகிறவர், தம் திட்டத்தின் கோப்புறையைக் குறிக்கும் மாறியையே நம்ப வேண்டும்.

கம்பைலர், இயங்குதளத்தின் நூலகங்கள் ஆகியவை திட்டத்துக்கு வெளியே இருப்பவை. அவற்றுக்கு முழுப்பாதை தகும். ஆனால் அதை ஸ்கிரிப்டுக்குள் புதைக்காமல், ஓட்டுகிறவர் மாற்றிக்கொள்ளும் அமைப்பாக விடுவது நல்லது.

பாதைகளைச் சோதிக்க, முழுத் திட்டத்தையும் பெயரில் இடைவெளி உள்ள ஒரு கோப்புறைக்கு நகலெடுத்து, வேறோர் இடத்திலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். மேற்கோள் குறிக்குள் இடாத மாறிகளும், எங்கோ மறந்துபோன முழுப்பாதைகளும் அப்போதே வெளிப்பட்டுவிடும்.