லாக்கரில் கிடந்த பாட்ஜ்

(மே தினக் கூட்டத்தில் பேசியது)



நான் லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியில், கேத் லேபில் வேலை செய்கிற ஏஜென்சி நர்ஸ். எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே இருதயக் குழாய் அடைப்பைத் திறக்கிற அறை அது. நோயாளி ஒருநாள் வந்து போவார். நாங்கள் ஒவ்வொரு நாளும் அதே கதிருக்குள் நிற்கிறோம். உடம்பில் ஈய ஏப்ரன், நெஞ்சில் ஒரு சின்ன பாட்ஜ். எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்கு வைப்பது அந்த பாட்ஜ்தான்.

போன வருஷம், கூட வேலை செய்கிற ஒரு அக்கா பாட்ஜைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போறதைக் கண்டன். "ஏனக்கா?" எண்டு கேட்டன்.

"ரீடிங் கூடினா என்னை இனிக் கூப்பிட மாட்டினம். பிறகு வாடகையை ஆர் கட்டுறது?"

எனக்கு அக்காவிலதான் கோபம் வந்தது. படிச்ச மனுசி இப்பிடிச் செய்யலாமா எண்டு.

பிறகுதான் ஃபுகுஷிமா பற்றி வாசித்தேன். 2011 மார்ச்சில் அணு உலைக் கட்டடங்கள் வெடித்தபோது, ஜப்பான் அரசு அவசரகாலத் தொழிலாளருக்கான கதிர் எல்லையை 100 மில்லிசீவர்ட்டிலிருந்து 250 ஆக உயர்த்தியது. மனித உடம்பு மாறவில்லை, எண்தான் மாறியது. அந்த டிசம்பரில் அங்கே ஒரு உப ஒப்பந்த நிறுவனத்தின் அதிகாரி, அளவுமானிகளை ஈயத் தகட்டால் மூடிக்கொண்டு வேலை செய்யும்படி தொழிலாளரிடம் சொன்னார். அடுத்த ஜூலையில் அது அம்பலமானது. எல்லையை எட்டினால் வேலை போய்விடும் என்பதுதான் அவர் சொன்ன நியாயம்.

ஈயத் தகடும் எங்கட லாக்கரும் ஒண்டுதான், தோழர்களே. எல்லையைத் தொட்டவரை வேலையை விட்டு அனுப்பி, சம்பளத்தையும் நிறுத்தினால், எவர் உண்மையான ரீடிங்கைக் காட்டுவார்?

பிரித்தானியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. கண் வில்லைக்கான வருட எல்லை 150 ஆக இருந்தது, 2018 முதல் 20. கர்ப்பிணித் தொழிலாளியின் சிசுவுக்கு, மிச்சக் கர்ப்பகாலம் முழுதும் 1 மில்லிசீவர்ட்தான். ஆனால் அந்த எல்லை, அவள் கர்ப்பத்தை எழுத்தில் அறிவித்த பிறகே நடைமுறைக்கு வரும். ஷிஃப்ட் வெட்டுப்படும் என்று பயந்தவள் எப்போது எழுதிக் கொடுப்பாள்?

ஆகவே நாங்கள் கேட்கவேண்டியது வெறும் ஏப்ரன் அல்ல. ரீடிங் கூடினால் வேறு இடத்துக்கு மாற்றுங்கள், ஆனால் சம்பளம் குறையக்கூடாது. ஏஜென்சி ஆட்களுக்கும் அதே விதி. ஒருவர் பல ஆஸ்பத்திரிகளில் வேலை செய்தால், எல்லா ரீடிங்கும் ஒரே கணக்கில் கூட்டப்படவேண்டும்.

போன மாதம் நாங்கள் ஆறு பேர், நிரந்தர ஊழியரும் ஏஜென்சியும் சேர்ந்து, யூனியன் பிரதிநிதியிடம் இதை எழுதிக் கொடுத்தோம். சம்பளம் பற்றி இன்னும் பதில் இல்லை. முதல் கையெழுத்து அக்காவுடையது. இப்ப அவ பாட்ஜ் போட்டுத்தான் உள்ள வாறா.

உங்களில் கனபேர் ஆஸ்பத்திரியில், எயார்போர்ட்டில், தொழிற்சாலையில் வேலை செய்யிறீங்கள். நாளைக்குப் போய்ப் பக்கத்தில் நிற்கிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கோ: "உங்கட பாட்ஜ் எங்க?" பதிலைக் கேட்டு அவரில் கோபப்படாதேங்கோ. அங்கேயிருந்து தொடங்குங்கோ.