சட்டம் படிக்க எந்தப் பட்டம்?

(உயர்கல்வி வழிகாட்டுதல் குறித்த ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முதலில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பிளஸ் டூ அறிவியல் பிரிவில் ஒரு மாணவி படித்தாள். அவளுடைய அப்பா நிலத் தகராறு ஒன்றுக்காக வாய்தா வாய்தாவாக நீதிமன்றத்துக்கு அலைந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்து வளர்ந்தவள், "சார், நான் வக்கீலாகணும். ஆனா டிகிரிக்கு கெமிஸ்ட்ரி எடுக்கணும்னு ஆசையா இருக்கு" என்றாள். "வக்கீலுக்கு எதுக்கும்மா கெமிஸ்ட்ரி? வரலாறு எடு, அதுதான் பொருந்தும்" என்றேன். ஆசிரியர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பி அப்படியே செய்தாள்.

வேதியியலில் எப்போதும் நல்ல மதிப்பெண் எடுத்தவளுக்கு வரலாற்றில் மனம் ஒட்டவில்லை. மூன்று ஆண்டுகளில் தேர்ச்சி பெற்றாள். ஆனால் சட்டக் கல்லூரித் தரவரிசையில் இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் இல்லை. இன்று ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சராக இருக்கிறாள். ஒருநாள் பேருந்தில் பார்த்தபோது, "கெமிஸ்ட்ரி எடுத்திருந்தா மார்க் வந்திருக்கும் சார்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

விதிகளை அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். அவள் கேட்ட அன்றே படித்திருக்க வேண்டும்.

சட்டம் படிக்க இரண்டு வழிகள் உள்ளன. பிளஸ் டூ முடித்தவுடன் சேரும் ஐந்தாண்டுப் படிப்பு ஒன்று. இதில் பட்டப் பாடமும் சட்டமும் சேர்ந்தே வரும். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை நடக்கிறது. திருச்சியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு 'கிளாட்' நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இன்னொரு வழி, ஏதேனும் ஒரு பட்டம் பெற்ற பிறகு படிக்கும் மூன்றாண்டுப் படிப்பு.

அந்த 'ஏதேனும் ஒரு' என்ற சொற்களைக் கவனியுங்கள். வரலாறு, வேதியியல், வணிகவியல், தமிழ் இலக்கியம், பொறியியல் எதுவானாலும் தகுதிதான். அகில இந்திய பார் கவுன்சில் விதிகள் பாடத்தைப் பார்ப்பதில்லை, மதிப்பெண்ணைப் பார்க்கின்றன. குறைந்த அளவு பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 42, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40. இது விண்ணப்பிக்கும் தகுதிதான். இடம் கிடைப்பது தரவரிசையையும் இடஒதுக்கீட்டையும் பொறுத்தது. ஆகவே ஒரு பிள்ளை எந்தப் பாடத்தை விரும்பிப் படித்து நல்ல மதிப்பெண் எடுக்குமோ, அதுவே அந்தப் பிள்ளைக்குச் சரியான பாடம்.

உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி. 1989-இல் அப்பதவிக்கு வந்தார். பின்னர் நம் மாநில ஆளுநராகவும் இருந்தார். சட்டம் படிக்கும் முன் அவர் பெற்ற பட்டம் வேதியியலில்! அண்ணல் அம்பேத்கர் 1912-இல் பெற்ற இளங்கலைப் பட்டம் பொருளியலும் அரசியலும் சார்ந்தது. புகழ்பெற்ற வழக்கறிஞர் நானி பல்கிவாலா ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்துவிட்டுச் சட்டத்துக்கு வந்தவர்.

படித்த பாடம் பின்னாளில் வீணாவதும் இல்லை. வணிகவியல் படித்தவருக்கு வருமான வரி, ஜி.எஸ்.டி. வழக்குகள் எளிதில் பிடிபடும். வேதியியல் படித்தவர் தடயவியல் அறிக்கையைத் தாமே வாசித்துக் குறுக்கு விசாரணை செய்யலாம். காப்புரிமை முகவர் தேர்வை எழுத அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் கட்டாயம், சட்டப் பட்டம் மட்டும் இருந்தால் போதாது. அந்தக் கதவையும் அன்று நான் அவளுக்கு அடைத்துவிட்டேன். தமிழ் இலக்கியம் படித்த பிள்ளைக்கும் தயக்கம் வேண்டாம். நம் கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ். மனுவைத் தெளிவான தமிழில் எழுதத் தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு உண்டு. உயர் நீதிமன்றத்துக்குத் தேவையான ஆங்கிலத்தைக் கூடவே வளர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பிளஸ் டூவில் தவறிய பிள்ளையிடம், "பரவாயில்லை, திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராக டிகிரி எழுதிவிடு" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு பட்டம் என்ற வரிசையில் படிக்காமல் நேரடியாகப் பெற்ற பட்டத்தை வைத்துக்கொண்டு சட்டக் கல்லூரியில் சேர முடியாது. பிளஸ் டூ முடித்தபின் தொலைநிலைக் கல்வியில் பட்டம் பெற்றால் தடை இல்லை. எனவே தவறிய பிள்ளையை முதலில் துணைத் தேர்வு எழுத வையுங்கள். இதை அந்தப் பிள்ளைக்கு வீட்டில் சொல்ல ஆள் இருக்காது. நாம்தான் சொல்ல வேண்டும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், "இதில் எங்களுக்கு என்ன வேலை?" என்று நினைக்கலாம். ஒரு பத்தியை வாசித்துப் பொருள் சொல்வது, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது, எழுந்து நின்று "ஏன்?" என்று கேட்பது, இவையெல்லாம் உங்கள் வகுப்பில்தான் தொடங்குகின்றன. எந்தப் பட்டம் பெற்றுச் சட்டத்துக்குப் போனாலும் இந்த மூன்றும் இல்லாமல் முடியாது.

நாளை உங்களிடம் ஒரு மாணவி வந்து, "வக்கீலாகணும், எந்த டிகிரி எடுக்கட்டும்?" என்று கேட்டால், உடனே ஒரு பாடத்தின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். "உனக்கு எந்தப் பாடம் பிடிக்கும்மா?" என்று கேளுங்கள். பிறகு அந்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டை எடுத்து அவளோடு உட்கார்ந்து படியுங்கள். அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தை நான் ஒதுக்காததால் ஒரு பிள்ளைக்கு என்ன ஆனது என்று சொல்லிவிட்டேன்.