மாடிச் செடிக்கு மருந்தடிக்கும் முன்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் நம் மருத்துவ உதவிக் குழுவினர் இதே தேனாம்பேட்டையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தார்கள். அடுப்படி ஜன்னலில் ஒரு தண்ணீர் பாட்டில், உள்ளே பால் மாதிரி ஏதோ இருந்தது. கேட்டபோது, "மாடியில செம்பருத்திக்குப் பூச்சி மருந்துங்க, கடையில சில்லறையா ஊத்திக் குடுத்தாங்க, கலக்குனதுல மிச்சம்" என்றார் அந்தத் தாயார். பாட்டிலில் மருந்தின் பெயர்கூட இல்லை. வீட்டில் மூன்று வயதுப் பேரன் ஓடியாடிக்கொண்டிருந்தான்.

அந்தத் தாயாரைக் குறை சொல்ல நாம் இதைச் சொல்லவில்லை. செடி வாடினால் யாருக்கும் மனசு கேட்காது. ஒருவர் நட்ட செடியிலிருந்து பறவையோ மனிதரோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் செடியைக் காப்பாற்றுவது எப்படி என்பதுதான் கேள்வி.

செம்பருத்தி, பப்பாளி, கொய்யா இவற்றில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாகப் படிவது மாவுப்பூச்சி. சாற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உடம்பின்மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்துத் தண்ணீர் அதன்மேல் ஒட்டாமல் வழிந்துவிடும். இது கோயம்புத்தூர்ப் பக்கத்து விவசாயிகள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோவையில் கண்டறியப்பட்டது. பப்பாளியோடு நிற்கவில்லை, மரவள்ளி, பட்டுப்புழுவுக்கான மல்பெரி, செம்பருத்தி என்று பரவியது. மருந்துக்கு மேல் மருந்து அடித்தும் திரும்பத் திரும்ப வந்தது. மல்பெரியைப் பிடுங்கிப் போட்டவர்களும் உண்டு.

அங்கே இல்லாத அளவுக்கு இங்கே ஏன் பெருகியது? அதன் எதிரி இங்கே இல்லை. எனவே 2010-ல், பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆய்வு நிறுவனம் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து சிறு குளவி இனங்களை வரவழைத்தது. கொசுவைவிடச் சிறியவை, மனிதரைக் கொட்டாதவை. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று வெளியே வரும். வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மற்றவர்களும் அவற்றைப் பெருக்கி வயல்களில் விட்டார்கள். சில மாதங்களில் கொள்ளை நோய்போல் இருந்தது அடங்கியது. சுப்ஹானல்லாஹ்! கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு படைப்பு அது. அதே வயலில் கடும் மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான்.

நம் மாடியிலும் இதே கதைதான். பொறிவண்டில் ஒரு வகையின் புழு, பார்க்க மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை நூல் நூலாக இருக்கும். ஆனால் பெரியது, வேகமாக நகரும். மாவுப்பூச்சியைத் தின்ன வந்த அதையே நசுக்கிவிடுகிறோம். (நாமும் செய்திருக்கிறோம்.)

செய்ய வேண்டியது அதிகமில்லை. பூச்சி அடர்ந்த நுனியை வெட்டி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். மீதியைக் குழாய்த் தண்ணீரால் வேகமாக அடித்துக் கழுவுங்கள். எறும்பைக் கவனியுங்கள், மாவுப்பூச்சி கசியும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், எதிரிகளை நெருங்க விடாது. அதற்கும் மிஞ்சினால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். வாரம் ஒருமுறை, இரண்டு மூன்று வாரம். மருதாணி, கறிவேப்பிலைக்கும் இதுவே. பறிக்கும்போது கழுவிக்கொள்ளுங்கள்.

பாட்டில் விஷயத்துக்கு வருகிறோம். 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. காய்கறிகளுக்கு அடிக்கக்கூடாது என்று மத்திய அரசு 2005-லேயே தடை செய்த மருந்து அது. ஆகவே லேபிள் இல்லாமல் ஊற்றிக் கொடுப்பதை வாங்கவே வேண்டாம். மருந்து இருந்த டப்பாவை எதற்கும் மறுபடி பயன்படுத்த வேண்டாம். வீட்டில் மிச்சம் இருந்தால் சாக்கடையில் ஊற்றாமல், மூடியை இறுக்கி, "விஷம்" என்று எழுதி, குப்பை வாங்க வருபவரிடம் சொல்லித் தனியாகக் கொடுங்கள்.

குழந்தை தெரியாமல் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள், அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். மேலே கொட்டியிருந்தால் துணியை மாற்றி, சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். தோல் வழியாகவும் ஏறும்.

அந்தச் செம்பருத்தியின் ஒரு கிளையைக் கண்ணாடி ஜாடியில் போட்டு வாசல் மேஜையில் வைத்திருக்கிறோம். மாவுப்பூச்சியும் இருக்கிறது, பொறிவண்டுப் புழுவும் இரண்டு இருக்கிறது. அஸருக்குப் பாங்கு சொல்ல இன்னும் கால் மணி நேரம் உண்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் எது எதுவென்று பார்த்துவிடுங்கள்.