மாடியிலிருந்து பார்க்கிற மனிதர்

(நம் சங்கத்தின் திரைப்பட மாலையில் 'பியான்கா' படம் முடிந்தபின் பேசியதன் எழுத்து வடிவம். படம் பார்க்காதவர்கள் கவனத்துக்கு: முடிவும் இதில் வருகிறது.)

நேரமாகிவிட்டது, சிலர் லிஃப்ட் பக்கம் பார்ப்பது தெரிகிறது. சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்.

இது 1984-ல் வெளிவந்த இத்தாலியப் படம். இயக்கியவர் நான்னி மொரெட்டி. கணக்கு வாத்தியார் மிகேலேவாக நடித்தவரும் அவர்தான். 2001-ல் 'மகனின் அறை' என்ற படத்துக்காகக் கான் விழாவில் தங்கப் பனை விருது வாங்கியவர்.

நானும் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் மிகேலேயைப் பார்த்து முதலில் நன்றாகவே சிரித்தேன். புது வீட்டுக்குக் குடிவந்ததும் குளியலறையில் ஆல்கஹால் ஊற்றித் தீ வைத்துச் சுத்தம் செய்கிறார். அவர் வேலை பார்க்கும் பள்ளிக்கு மர்லின் மன்றோ பெயர். அங்கே மனநல ஆலோசகர் இருக்கிறார், ஆனால் ஆசிரியர்களுக்காக! ராத்திரி தூக்கம் வராமல், ஆளுயர நியூட்டெல்லா ஜாடி முன்னால் உட்கார்ந்து ரொட்டியில் தடவித் தின்கிறாரே, அப்போது நம் குழந்தைகள் போட்ட சத்தம் கேட் வரை கேட்டிருக்கும்.

சிரிப்பு எங்கே நின்றது? அவர் நண்பர்களைப் பற்றிக் கோப்பு கோப்பாகக் குறிப்பு வைத்திருந்தாரே, அங்கே. யார் யாரோடு சேர்ந்தார்கள், யார் பிரிந்தார்கள், எல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். மாடியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர்களையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். மற்றவர்கள் சந்தோஷமாக, ஒழுங்காக வாழ வேண்டும் என்று தவிக்கிறார். வாழாதவர்களை மன்னிக்க அவரால் முடியவில்லை. கொலைகளைச் செய்தது அவர்தான் என்று கடைசியில் ஒப்புக்கொள்கிறார். பிரெஞ்சு ஆசிரியை பியான்கா அவரை உண்மையாக நேசித்தாள். கிடைத்த சந்தோஷம் என்றாவது கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் அவளையும் தானே விலக்கிவிட்டார்.

நான் கொலைகாரன் இல்லை, பயப்படாதீர்கள். ஆனால் என் மனைவி போனபிறகு ஒரு வருடம் நானும் பால்கனியில்தான் இருந்தேன். எதிர் பிளாக்கில் எந்த வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கு அணைகிறது என்று சொல்வேன். அந்த வீட்டுக்காரர் பெயர் கேட்டால் தெரியாது.

ஒரு நாள் மூன்றாம் மாடியில் ஒரு வீட்டு வாசலில் பால் பாக்கெட் எடுக்காமல் கிடந்தது. மறுநாள் காலையில் இரண்டாகக் கிடந்தது. பார்த்தேன், யோசித்தேன், நமக்கெதற்கு என்று காபி குடிக்கப் போய்விட்டேன். கதவைத் தட்டியது நம் செக்யூரிட்டி தம்பி. அந்த அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் அனுமதி கேட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

மிகேலேக்குத் தெரியாத விவரம் இல்லை. ஆனால் யார் வீட்டிலும் ஒரு வாய் காபிக்கு உட்கார்ந்து, எதையும் எடைபோடாமல் பேசிவிட்டு வர அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரியவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். தனியாக இருப்பவர்கள் பெயரை, அவர்கள் சம்மதித்தால், தளவாரியாக எழுதிக்கொள்வோம். தினமும் காலையில் பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் மணி அடித்து, "சௌக்கியமா?" என்று கேட்டால் போதும். எங்கள் தளத்துக்கு நான் பொறுப்பு.

சமோசா ஆறுகிறது.